சிறுபான்மையாக இருக்கத் தெரிந்த ஊர்

நான் ஃபிளென்ஸ்புர்க்குக்கு வந்த முதல் கிழமை, துறைமுகத்தடியிலிருந்து பல்கலைக்கழக மேட்டுக்கு ஏறும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு வயதான பெண்கள் இருந்தார்கள். ஒருவர் ஜெர்மனில் கேட்டார். மற்றவர் டேனிஷில் பதில் சொன்னார். அவர் டேனிஷில் எதற்கோ முறைப்பட, இவர் ஜெர்மனில் ஆறுதல் சொன்னார். ஏழு தரிப்பிடம் தாண்டியும் ஒருத்தர்கூட மற்றவரின் மொழிக்குள் இறங்கவில்லை. நான் வளர்ந்த டோர்ட்மண்டில் எங்கள் சனத்தின் வீடுகளிலும் இப்படி நடக்கும்தான். அம்மா தமிழில் கேட்பார், பிள்ளை ஜெர்மனில் பதில் சொல்லும். ஆனால் அங்கே அது ஒரு தோல்வி. அம்மாவின் முகத்திலேயே தெரியும். இங்கே இந்த இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. இறங்கும்போது டேனிஷ்காரியிடம், "மன்னிக்கவும், உங்களுக்கு ஜெர்மன் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னுடையதைவிடச் சுத்தமான ஜெர்மனில், "தெரியும். ஏன், உனக்கு வழி ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார். எனக்குத்தான் உதவி தேவை என்று நினைத்துவிட்டார். ஒருவிதத்தில் அது உண்மைதான்.

ஏனென்றால் பேருந்தில் மொழி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு. எனக்கு ஏழு வயது. அம்மாவும் அக்காவும் நானும் விசா அலுவலுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்திருந்தோம். நகரப் பேருந்தில் ஜன்னலுக்கு வெளியே கடலைக் கண்டதும் நான், "அம்மா, கடல்!" என்று கத்தினேன். அம்மாவின் கை என் தொடையில் இறுகியது. கிள்ளவில்லை, அழுத்தினார். கடல் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதென்றால் தமிழில்தான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. டோர்ட்மண்டிலும் வுப்பர்டாலிலும் பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்: நாட்டின் பெரும்பான்மை பேசாத ஒரு மொழியை ஒரு பேருந்து நிறையக் கேட்கும்படி பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தத் துணிவை ஒரு ஊரே சேர்ந்து வளர்த்து வைத்திருக்கிறது என்றால், அந்த ஊரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

கதைக்குப் போகமுன் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நான் இதைத்தான் படிக்கிறேன், ஆகவே கொஞ்சம் எடுப்பாகவே சொல்வேன். ஃபிளென்ஸ்புர்க் ஜெர்மனியின் வடக்கு நுனியில், பால்டிக் கடல் விரல்போல உள்ளே நீண்டுவரும் இடத்தில் இருக்கிறது. எதிர்க்கரையைப் பார்த்தால் டென்மார்க். இந்தப் பகுதிக்கு ஷ்லெஸ்விக் என்று பெயர். நூற்றாண்டுகளாக டென்மார்க் அரசன்தான் இதற்கும் பிரபு. ஆனால் சனம் கலந்த சனம்: சந்தையில் ஒரு மொழி, கோவிலில் ஒரு மொழி, வயலில் இன்னொன்று. 1864இல் போர் வந்தது, டென்மார்க் தோற்றது, பகுதி முழுவதும் ஜெர்மன் பக்கம் போனது. முதல் உலகப்போர் முடிந்து 1920இல் ஒரு வேலை செய்தார்கள். எங்கள் நாட்டுக்காரர்கள் இந்த இடத்தை இரண்டுதரம் வாசிக்க வேண்டும். சனத்திடம் கேட்டார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று வாக்குப் பெட்டி வைத்துக் கேட்டார்கள். வடக்குப் பகுதி டென்மார்க் என்றது, ஃபிளென்ஸ்புர்க் இருந்த தெற்குப் பகுதி ஜெர்மனி என்றது. கோடு விழுந்தது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் தோற்றவர்கள் மிஞ்சினார்கள்: மேலே ஜெர்மன்காரர், கீழே டேனிஷ்காரர். அவர்களைத் துரத்தவில்லை. 1955இல் இரண்டு நாடுகளும் ஆளுக்கொரு அறிக்கை வெளியிட்டு, ஒருவர் தன்னைச் சிறுபான்மை என்று சொன்னால் அது அவருடைய சுதந்திரம், அது உண்மையா என்று எந்த அலுவலகமும் தோண்டிப் பார்க்கக்கூடாது என்று ஒப்புக்கொண்டன. இந்த வசனத்தை முதன்முதல் வாசித்த நாள் நான் நூலகத்தில் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றேன். சும்மா சொல்லவில்லை.

எல்லாம் தங்கம் என்றும் சொல்லமாட்டேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த பசிக்காலத்தில் டென்மார்க்கிலிருந்து இங்குள்ள டேனிஷ்காரருக்கு உணவுப் பொதிகள் வந்தன. திடீரென்று நிறையப் பேருக்குத் தாங்கள் டேனிஷ் என்பது ஞாபகம் வந்தது. அயலவர்கள் அவர்களுக்கு 'ஸ்பெக்டேனர்' என்று பட்டம் வைத்தார்கள். பன்றிக்கொழுப்புக்காக டேனிஷ் ஆனவர்கள் என்று பொருள். அந்தப் பட்டம் இன்னும் சாகவில்லை. என் அக்காவுக்கே போன வருடம் வேலையிடத்தில் ஒருத்தி அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

என் அக்கா வதனி என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்கு ஜெர்மன், பால்பல் விழுந்த இடத்தில் பல் முளைத்த மாதிரி முளைத்தது. அவள் பதினாறு வயதில் வந்தாள். பள்ளிக்கூடம் அவளை ஒரு வருடம் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே விட்டது. பிறகு முதியோர் பராமரிப்பில் ஆஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி. கலியாணம் கட்டி ஃபிளென்ஸ்புர்க்குக்குப் போனாள். அத்தான் ஹம்புர்க்குக்கும் டென்மார்க்குக்கும் இடையில் லொறி ஓடுகிறார், வெள்ளிக்கிழமைதான் வீட்டில் காணலாம். அவர்களுடைய மகள் ஆரணிக்கு அப்போது ஐந்து முடிந்து ஆறு. நான் படிக்க வந்து அவர்கள் வீட்டு முன்னறையில் தங்கிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் எழுதாத ஒரு வேலைப் பங்கீடு இருந்தது: நான் கதைப்பேன், அக்கா செய்வாள். படிவம், தொலைபேசி, அலுவலகம் எல்லாம் என் பக்கம். அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டோர்ட்மண்டிலிருந்த அப்பாவுடன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, உப்பு முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்:

"அப்பா, ஆரணியை டேனிஷ் பள்ளிக்கூடத்தில விடப்போறன்."

"எங்க?"

"டேனிஷ் பள்ளிக்கூடம். எங்கட றோட்டு முடிவில இருக்கு."

"நீ டென்மார்க்கிலயோ இருக்கிறாய்?"

"இல்லை அப்பா. இஞ்ச இருக்கிற டேனிஷ் ஆக்களின்ர பள்ளிக்கூடம்."

"நீ டேனிஷ் ஆளோ?"

"இல்லை."

"மருமகன் டேனிஷ் ஆளோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. அவர் அச்சுவேலி ஆள்."

"அப்ப ஏன்?"

அக்கா வாயைத் திறக்கமுன் நான் தொலைபேசியைப் பறித்தேன். "அப்பா, இஞ்ச சட்டம் வேற மாதிரி. நான் இந்தப் பக்கம் எண்டு சொன்னாக் காணும். ஒருத்தரும் கேக்க ஏலாது."

"சின்னவள், நீ வாயை மூடு. நாளைக்குப் பாஸ்போட்டைப் பறிச்சா உன்ர சட்டம் வந்து வாங்கித் தருமோ? இந்த நாடு எங்களை எடுத்து வச்சிருக்கு. இப்ப போய், நான் மற்றப் பக்கம் எண்டு கையெழுத்து வைக்கிறதோ? ஒருக்காச் சிறுபான்மையாப் பிறந்தது காணாதோ? இன்னொருத்தன்ர சிறுபான்மையிலயும் போய்ச் சேர வேணுமோ?"

நான் தொலைபேசியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். அவளிடமும் இதற்குப் பதில் இல்லை என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடம் கிட்ட, வகுப்பில் பிள்ளைகள் குறைவு, அதற்காகத்தான் கேட்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். ஆனால் அவள் விடவில்லை. வேலைக்குப் போகும் வழியில் தானாகவே பள்ளிக்கூடத்துக்குள் போய் டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுத்து வந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் சொல்லாமல் எடுத்த டெர்மின். ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருக்கிறதாம், மூன்று குடும்பம் கேட்டிருக்கிறதாம். இது கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. பிள்ளை வேறு பள்ளிக்கூடத்தில் தொடங்கிவிடும்.

டெர்மின் என்ற சொல்லைக் கேட்டால் அப்பா வராமல் இருக்கமாட்டார். எதிர்த்தவர்தான், ஆனாலும் அரை நாள் ரயில் ஏறி வந்து இறங்கினார். கையில் நீலநிற ஓட்னர். எங்கள் சனத்தின் வீடுகளில் இது இருக்கும்: வாழ்க்கை முழுவதையும் துளைபோட்டுக் கோர்த்து வைத்திருக்கும் தடித்த கோப்பு. அன்றிரவு மேசையில் வைத்து ஒழுங்குபடுத்தினார். எல்லோருடைய குடியுரிமைப் பத்திரம். கலியாணப் பதிவு, அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு சரியென்ற முத்திரை. அக்காவின் தொழிற்பயிற்சிச் சான்றிதழ். ஆரணியின் தடுப்பூசிப் புத்தகம், நீச்சல் சான்றிதழ். தான் இத்தனை வருடம் சமையல் வேலை செய்த உணவகத்தின் முதலாளி, இவர் ஒருநாளும் பிந்தி வந்ததில்லை என்று எழுதிக்கொடுத்த கடிதம்.

"இது என்னத்துக்கு அப்பா?" என்றேன்.

"நாங்கள் ஒழுங்கான ஆக்கள் எண்டு தெரியட்டும். பிள்ளையை விடுறதெண்டு நிண்டா, முறையா விடுவம். பேந்து ஒருத்தன் வந்து பொய் சொல்லிச் சேர்ந்தனீங்கள் எண்டு சொல்லக்கூடாது."

அப்பா இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது தனியே ஜெர்மனிக்கு வந்தவர். அகதி விசாரணையில், நீ அந்த ஊர்க்காரன்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து கோவில் எந்தப் பக்கம், கோவிலிலிருந்து தபாற்கந்தோர் எவ்வளவு தூரம், போகும் வழியில் எத்தனை கிணறு. அவர் கிணறுகளைத் தவறாக எண்ணிவிட்டார். பிறந்த ஊரில் யார் கிணறு எண்ணிக்கொண்டு நடப்பார்? முடிவு வர வருடக்கணக்கில் ஆனது. அப்பா இதைப் பற்றி ஒரேயொரு தரம்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார். "என்ர ஊரில நான் பிறந்தன் எண்டதுக்கு என்னட்டை இருந்த ஒரே சாட்சி நான்தான், பிள்ளை. அதை அவை சாட்சியா எடுக்கேல்லை."

பள்ளிக்கூட அதிபரின் அறையில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கு. சம்பல்நிறக் கம்பளிச் சட்டை போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் எழுந்து கைகொடுத்து, "கிர்ஸ்டன் என்று கூப்பிடுங்கள்" என்றார். அப்பா என் காதுக்குள், "அதிபரைப் பேர் சொல்லியோ கூப்பிடுறது?" என்றார். கடைசியில் 'ஃபிராவ் கிர்ஸ்டன்', அதாவது திருமதி கிர்ஸ்டன், என்று தானே ஒரு சமரசத்துக்கு வந்தார். ஆரணி மூலையில் மரக்கட்டைகளோடு உட்கார்ந்துவிட்டாள். அக்கா வேலையிடத்து வெள்ளைச் சப்பாத்தோடே வந்திருந்தாள். பின்னேரம் அவளுக்கு வேலை.

அப்பா ஓட்னரை மேசையில் வைத்து, முதல் பக்கத்தைத் திறந்து, அதிபர் பக்கம் திருப்பினார். கிர்ஸ்டன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார், சுடுசட்டியைக் கண்ட மாதிரி.

"இதை நான் பார்க்கக்கூடாது."

அப்பாவுக்கு முகம் மாறியது. "போட்டோக் கொப்பி காணாதாம் போல. முத்திரை குத்தினதும் இருக்கெண்டு சொல்லு" என்று எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே, விறுவிறென்று பிளாஸ்டிக் உறைகளைத் தள்ளி முத்திரை குத்திய பிரதிகளைத் தேடி எடுத்து நீட்டினார்.

"இல்லை, இல்லை" என்றார் கிர்ஸ்டன். "நீங்கள் யார் என்று நான் சோதிக்கக்கூடாது. அரசும் சோதிக்கக்கூடாது. எங்களோடு சேர்ந்தவர் என்று ஒருவர் சொன்னால் அவர் சேர்ந்தவர்தான். இந்த ஊரில் அப்படித்தான். மூடிவிடுங்கள், தயவுசெய்து."

அப்பா என்னைப் பார்த்தார். "என்ன சொல்றா?"

"ஜெர்மனிலதானே சொன்னவ அப்பா. உங்களுக்கு விளங்கினதுதானே."

"விளங்கினது. பிழையா விளங்கிச்சோ எண்டுதான் கேக்கிறன்."

அவர் ஓட்னரை மூடினார். ஆனால் மேசையிலிருந்து எடுக்கவில்லை. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். கிர்ஸ்டன் எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார்.

"சோதிக்கமாட்டேன். ஆனால் இடம் ஒன்று, கேட்பவர்கள் மூன்று குடும்பம். அதனால் ஒரு கேள்வி கேட்பேன். ஏன் இங்கே? சொல்வதை அப்படியே நம்புவேன். போருக்குப் பிறகு பன்றிக்கொழுப்புக்காக எங்களிடம் வந்தவர்கள் இருந்தார்கள் என்று சொல்வார்கள். இன்று சின்ன வகுப்புக்காக வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால்..."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் டோர்ட்மண்ட் சமையலறை ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைப்பதுபோல வைத்து, "நாங்கள் பன்றி சாப்பிடுவதில்லை" என்றார்.

கிர்ஸ்டன் சிரித்த சிரிப்பில் மெழுகுதிரி ஆடியது. அப்பாவுக்கு ஏன் சிரிக்கிறார் என்று தெரியவில்லை, ஆனால் நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று நினைத்துத் தானும் சிரித்தார்.

இதுதான் என் நேரம் என்று எனக்குத் தோன்றியது. தொடங்கினேன். 1864, 1920, இரண்டு வாக்கெடுப்புப் பகுதிகள், 1955, இரண்டு தலைநகரங்கள், இரண்டு அறிக்கைகள். இலங்கையோடு ஒப்பீடு. உலகத்துக்கே இது ஏன் முன்மாதிரி என்று ஒரு முடிவுரை. ஐந்து நிமிடம் மூச்சு விடவில்லை. விரிவுரையாளர் முன்னால் கதைத்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். கிர்ஸ்டன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நன்றாகப் படித்திருக்கிறீர்கள். அந்த வாக்கெடுப்பில் என் குடும்பமே இரண்டாகப் பிரிந்தது, ஒரு கிளை இன்றும் மற்றக் கிளையோடு நத்தார்ப் பண்டிகைக்குச் சாப்பிடுவதில்லை. அதனால் அந்தக் கதை எனக்கும் கொஞ்சம் தெரியும்." பிறகு மெதுவாக, "நான் கேட்டது பிள்ளையின் தாயை" என்றார்.

என் காது சுட்டது. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாளெல்லாம் கழுவிக் கழுவிச் சொரசொரத்துப்போன கைகள். இடம் போய்விட்டது என்று நினைத்தேன். அவளுடைய ஜெர்மன் வேலைக்குப் போதும், ஒரு அதிபரை வெல்லப் போதாது. நான் அவளுக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பிறகு பேசினாள்.

டேனிஷில் பேசினாள்.

நானும் பல்கலைக்கழகத்தில் இரண்டு தவணை டேனிஷ் படித்திருக்கிறேன். அவள் பேசியது அது இல்லை. கரடுமுரடாக, சொற்களின் வால்களை விழுங்கிக்கொண்டு, மழையில் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரியான டேனிஷ். கிர்ஸ்டன் கோப்பியைக் கீழே வைத்தார். எனக்கு முக்கால்வாசி விளங்கியது, மிச்சத்தைப் பிறகு அவளிடம் கேட்டு நிரப்பினேன். அவளுடைய குரலிலேயே எழுதுகிறேன், அப்படித்தான் அது என் காதில் இருக்கிறது.

"நான் வயது போன ஆக்களைக் கழுவுற வேலை செய்யிறன். அவை முதல்ல ஆக்களின்ர பேரை மறப்பினம். பேந்து பிள்ளையளை மறப்பினம். பேந்து ஜெர்மன் போயிடும். கடைசியாச் சின்னனில கதைச்ச பாஷை மட்டும் நிக்கும். அதிலதான் தண்ணி கேப்பினம். அதிலதான் நோகுது எண்டு சொல்லுவினம். ஜெர்மனில பதில் சொன்னாப் பயந்து அடிப்பினம். அந்தப் பாஷையில பயப்படாதேங்கோ எண்டு சொன்னா, கை நடுங்கிறது நிண்டிடும். நான் அவையிட்டைத்தான் இதைப் பழகினனான். உங்கட ஆக்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கு. ஏனெண்டா நீங்கள் கொஞ்சப் பேராய் இருந்தும் பள்ளிக்கூடத்தை விடேல்லை." அவள் திரும்பாமலே அப்பாவின் பக்கம் கையைக் காட்டினாள். "இவரும் ஒருநாள் ஜெர்மனை மறப்பார். அப்ப இவருக்கு ஆர் பதில் சொல்றது? என்ர பிள்ளைக்குத் தமிழை நான் குடுப்பன். அதை உங்களிட்டைக் கேக்கேல்லை. ஆனா கொஞ்சப் பேர் கதைக்கிற பாஷையை வெக்கப்படாமல், பயப்படாமல் எப்பிடி வச்சிருக்கிறது எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு ஒருத்தரும் காட்டேல்லை. உங்களுக்குத் தெரியும். வி வில் கேர்ன வேர மெத்."

நாங்களும் சேர்ந்துகொள்ள விரும்புகிறோம் என்பது அந்தக் கடைசி வசனம். அது மட்டும் சுத்தமான டேனிஷில் இருந்தது. பாடமாக்கி வந்திருக்கிறாள்.

கிர்ஸ்டன் தன் கதிரையை அக்காவின் பக்கம் இழுத்தார். பிறகு, "இந்தப் பேச்சை நான் இருபது வருடமாகக் கேட்கவில்லை" என்றார். "எங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சி டேனிஷ்தான் பேசுகிறார்கள். நீங்கள் பேசுவது வயல்வெளி டேனிஷ்." எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பதில் ஒரு கிழமையில் வரும்" என்று அதிபர் குரலில் சொன்னார், ஆனால் கையை விடவில்லை.

அப்பாவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்கவில்லை. தன்னைச் சுட்டிக்காட்டியது மட்டும் தெரிந்தது. "என்னவாம்? என்னைப் பற்றி என்ன சொன்னவள்?" என்று என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தின் வாய் நான். ஆனால் நான் ஓட்னரைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். அக்கா வேலைக்குப் போன பிறகு, அவரையும் ஆரணியையும் துறைமுகக் கரையால் நடத்திக்கொண்டு போனபோதுதான் துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் ஒரு பாய்மரப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜெர்மனை மறக்கிறதெண்டா, முதல்ல அது எனக்கு வடிவாத் தெரியவேணுமே" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படகிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவள் உந்தப் பாஷையை எப்ப படிச்சவள்?" என்றார்.

"வேலையில."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

"நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை அப்பா."

கடிதம் எட்டாம் நாள் வந்தது. இடம் ஆரணிக்கு. அக்கா சமையலறையில் நின்றபடியே அதை வாசித்து, மடித்து, குளிர்சாதனப் பெட்டிமேல் காந்தத்தால் ஒட்டிவிட்டு, "சோறு வடிச்சு வச்சிருக்கு, போட்டுச் சாப்பிடு" என்று வேலைக்குப் போய்விட்டாள். நான் அந்தக் கடிதத்தைப் படமெடுத்து உலகத்திலுள்ள எல்லா உறவுக்காரருக்கும் அனுப்பினேன். கனடாவிலிருந்து ஒரு மாமா, அப்ப நீங்கள் இனி ஜெர்மன்காரர் இல்லையோ என்று கேட்டு எழுதினார். உலகத்தின் எந்தச் சட்டத்தையும் நான் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவேன். என் அக்காவை விளக்கப் பத்துப் பக்கம் வேண்டும் என்று பதில் போட்டேன். இதோ, எழுதிவிட்டேன்.

ஆனால் அப்பா என்ன நினைக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது "ம்" என்றார். பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் வரவில்லை, முதுகு நோ என்றார். ஆரணி தொலைபேசியில் டேனிஷ் பாட்டுப் பாடினால் கடைசிவரை கேட்பார், ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். கையெழுத்து எங்கே போட்டீர்கள் என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

இங்குள்ள டேனிஷ்காரர் கோடையின் தொடக்கத்தில் வருடத்துக்கு ஒருநாள் எல்லோருமாக ஊரின் நடுவால் நடப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சங்கங்கள், ஊதுகுழல் வாத்தியக் குழு, சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடிகள். நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல ஒரு நடை, அவ்வளவுதான். இந்த வருடம் ஆரணியின் வகுப்பும் நடந்தது. அதற்கு அப்பா, யாரும் கூப்பிடாமலே, முதல் நாள் ரயிலில் வந்து இறங்கினார். கலியாண வீட்டுக்குப் போகிற கறுப்புச் சப்பாத்தும் இஸ்திரி போட்ட சட்டையும்.

அக்கா வகுப்போடு வரிசையில் நின்றாள். பக்கத்தில் யாரோ ஒரு வயதானவரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவருடைய பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தபடி. ஆரணியின் கையில் கடதாசிக் கொடி.

"அம்மப்பா, வாங்கோ! இஞ்ச வந்து நில்லுங்கோ!"

அப்பா தன் வாழ்நாளில் எந்தக் கொடிக்குக் கிட்டவும் போனதில்லை. எங்கள் ஊரில் கொடிக்குக் கிட்ட நின்றவர்களின் கதை அவருக்குத் தெரியும். "நீ நட பிள்ளை. நான் இதால வாறன்" என்று நடைபாதையில் ஏறிக்கொண்டார்.

வாத்தியம் தொடங்கியது. ஊர்வலம் நடந்தது. அப்பாவும் நடந்தார். வீதியில் அல்ல, வேடிக்கை பார்க்கிற ஆட்களுக்குப் பின்னால், கடைகளை உரசிக்கொண்டு, ஆரணியின் வரிசைக்கு நேராக. கோப்பிக்கடைக் கதிரைகள் குறுக்கே வந்தால் சுற்றிப்போய் மறுபடி நேருக்கு வந்தார். ஊர்வலம் நின்றால் நின்றார். ஒரு சந்தியில் காவல்துறையினர் வாகனங்களை மறித்து ஊர்வலத்தைப் போகவிட்டார்கள். நடைபாதைக்காரருக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு வாகனமும் இல்லாத அந்தச் சந்தியில், ஊரே கடந்துபோக, என் அப்பா ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சிவப்பு மனிதன் பச்சையாகும்வரை காத்து நின்றார். ஆரணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். நான் இரண்டுக்கும் நடுவில், வீதியும் இல்லாத நடைபாதையும் இல்லாத, மழைத்தண்ணீர் ஓடும் ஒற்றைக் கல்வரிசையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். பச்சை விழுந்தது. அறுபத்தைந்து வயது மனிதர் கலியாண வீட்டுச் சப்பாத்தோடு ஓடத் தொடங்கினார். ஓடிப்போய் அவளுடைய வரிசைக்கு நேரே வந்ததும் நடையைக் குறைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நடைபாதையை விட்டு இறங்காமலே, வாத்தியத்தின் தாளத்துக்குக் கால் வைத்து நடந்தார்.